எந்த இரண்டை விடுவது?



இந்த இதழுக்கு ஏதாவது எழுதித் தரும்படி வாலிபர் சங்கத் தம்பி கேட்டபோது, ஆஸ்பத்திரி அனுபவம் ஒன்றைத்தான் அவர் நினைத்திருப்பார். தாதி என்றால் எல்லோரும் எதிர்பார்ப்பது அதுதான். நான் எழுதப்போவது மந்திரவாதிகளைப் பற்றி. பெற்றோர் பயந்து பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஆஸ்பத்திரிக்கும் வந்து சேருவேன், ஞாயிறு பாடசாலைக்கும் வந்து சேருவேன்.

போன மாரி காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பின்னேர வேலை முடிந்து, இரவு பதினொன்றரைக்கு உடுப்பு மாற்றும் அறையில் போனை எடுத்துப் பார்த்தேன். அக்கா ஐந்து தரம் எடுத்திருந்தா. கூடவே ஒரு படம். கொப்பி ஒன்றின் ஒரு மூலை, அதில் சிவப்புப் பேனையால் கோடிட்ட இரண்டு ஆங்கிலச் சொற்கள்: நெக்ரோமான்சி, என்சான்ட்மென்ட். எழுத்து அக்காவின் மூத்த மகனுடையது. என் பெறாமகன், பதினைந்து வயது.

வீதி வழுக்கும், கவனமாக ஓடவேண்டும் என்று நினைத்துக்கொண்டே காருக்குள் இருந்து அக்காவுக்கு எடுத்தேன்.

"படத்தைப் பார்த்தனியோ?"

"பார்த்தனான்."

"உனக்கு அது என்னெண்டு விளங்குதோ? நான் தேடிப் பார்த்தனான். ஒண்டு செத்த ஆக்களை எழுப்பிற வித்தையாம். மற்றது ஆக்களை வசியம் செய்யிறதாம். திடப்படுத்தல் எடுத்து இரண்டு வருஷம்கூட ஆகேல்ல, என்ர பிள்ளை இதைப் போய்ப் படிக்கிறான்!"

நான் சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். எங்களுடைய ஊர்களில் சூனியம், கழிப்பு என்பதெல்லாம் கதைப்புத்தகத்தில் மட்டும் இருந்தவையல்ல. அம்மம்மாவின் வீட்டுப் படலையில் எலுமிச்சம்பழம் கிடந்த காலையைப் பற்றி அம்மா இன்றைக்கும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்லுவா. அக்கா அந்தக் கதைகளோடு வளர்ந்தவ. அவவுடைய பயத்துக்கு வேர் இருந்தது.

அடுத்தநாள் ஹேர்னிங்குக்குப் போனேன். குசினி மேசையில் தேத்தண்ணியும் கட்லட்டும் இருந்தன, ஒருவரும் தொடவில்லை. பெறாமகன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். கொப்பியைக் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்து அந்தப் பக்கத்தை விரித்தான். அக்கா எடுத்த படத்தில் வெட்டுப்பட்டுப் போன மேல்வரியில் டெனிஷில் ஒரு சொல் எழுதியிருந்தது: தடைசெய்யப்பட்டவை.

"சித்தி, இது நான் படிக்கிறது இல்லை. நான் விட்டது."

அக்கா ஒரு நிமிஷம் யோசித்தா. பிறகு கேட்டா: "இரண்டை விட்டதெண்டால், மிச்சம் எத்தினை?"

"ஆறு."

"அப்ப ஆறு படிக்கிறாய்."

அந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் நான் அந்த விளையாட்டைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைத்துக் கதைத்தே விளையாடும் விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் போர்வீரன், திருடன், குரு, மந்திரவாதி என்று ஒவ்வொருவராக நிற்பார்கள். ஒன்று நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகமுள்ள தாயக்கட்டை முடிவுசெய்யும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்டது. 1980களில் அங்கேயுள்ள சபைகளில் இதற்கு எதிராகப் பெரிய அலை எழுந்தது. ஜாக் சிக் என்பவர் 1984இல் இந்த விளையாட்டைக் கண்டித்து ஒரு சித்திரத் துண்டுப்பிரசுரமே வெளியிட்டார். ஆகவே அக்காவின் பயம் தனியானதல்ல.

டென்மார்க்கிலோ இது கொஞ்சம் வேறு மாதிரி. இங்கே 'ரோலெஸ்பில்' என்றால் நூலகத்திலும் இளைஞர் மன்றத்திலும் நடக்கும் சாதாரண பொழுதுபோக்கு. சனிக்கிழமைகளில் காட்டுக்குள் பஞ்சு வாளோடு ஓடும் பிள்ளைகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். ஹோப்ரோவில் 2006இலிருந்து ஓஸ்டர்ஸ்கோவ் என்றொரு எஃப்டர்ஸ்கோல இருக்கிறது, அங்கே பாடங்களையே பாத்திரமேற்று விளையாடித்தான் படிப்பிக்கிறார்கள். ஃபாஸ்டவால் என்ற பெரிய ஒன்றுகூடல் 1986இல் ஓர்ஹூஸில் தொடங்கியது. நல்ல கதை எழுதுபவருக்கு அங்கே கொடுக்கும் பரிசு ஒரு பொன்னிறப் பென்குவின் சிலை. அது பல ஆண்டுகளாக ஈஸ்டர் விடுமுறையில் நடந்துவந்ததால், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பக்கம் தலைவைக்க முடியாது. பெரிய வெள்ளி ஆராதனையை விட்டுவிட்டு ஹோப்ரோவுக்குப் போகிறேன் என்று அக்காவிடம் சொல்லக்கூடிய பிள்ளை இன்னும் பிறக்கவில்லை.

எபேசுவில் மாயவித்தைக்காரர் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து எரித்ததையும், அவற்றின் விலை ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு என்பதையும் அக்கா எனக்கு ஞாபகப்படுத்தினா. அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரம். நான் சொன்னேன், அந்த மனிதர் அதை உண்மையென்று நம்பிச் செய்து, அதில் சீவித்தவர்கள். இவன் பென்சிலால் கணக்குப் போட்டு விளையாடுகிறான் என்று. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. "நீ போய் ஒருநாள் இருந்து பார்த்திட்டு வந்து சொல்லு" என்றா. இந்த விஷயத்தில் வேறு வேறு மனச்சாட்சி உள்ள குடும்பங்கள் எங்கள் சபையிலேயே உண்டு. எவர் வீட்டிலும் எவரும் தலையிட நான் இதை எழுதவில்லை.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை, பெறாமகனுடைய டெனிஷ் நண்பன் வீட்டு நிலவறையில் போய் இருந்தேன். ஒரு மூலையில் உடுப்புத் தோய்க்கும் மெஷின், ஒரு மூலையில் சைக்கிள்கள், நடுவில் மேசை. விளையாட்டை நடத்துபவர் அந்த நண்பனின் தகப்பன். தான் படிக்கிற காலத்தில் வாங்கிய 2003ஆம் ஆண்டுப் பதிப்பைத்தான் இன்னும் வைத்திருக்கிறார், முதுகு கிழிந்து டேப் ஒட்டியது. நான் பார்க்கத்தான் வந்தேன் என்று சொன்னேன். பார்வையாளருக்கு இங்கே கதிரை இல்லை, ஒரு ஆளாகச் சேர்ந்துகொள்ளுங்கள் என்றார். பெறாமகன் என் முன்னால் ஒரு வெற்றுத்தாளை வைத்து, "சித்தி மந்திரவாதி" என்று முடிவே கட்டிவிட்டான். எங்கள் அம்மா கேட்டால் மயங்கி விழுந்திருப்பா.

அங்கேதான் அந்த விதி எனக்கு ஒழுங்காக விளங்கியது. அந்தப் புத்தகத்தில் மந்திரங்கள் எட்டுப் பிரிவுகள். அவற்றைப் 'பள்ளிகள்' என்கிறார்கள். காப்பு, வரவழைப்பு, மறைந்ததை அறிதல், மனவசியம், நெருப்பும் மின்னலுமான சக்தி, மாயத்தோற்றம், மரணம், உருமாற்றம். பொது மந்திரவாதியாக இருந்தால் எட்டையும் படிக்கலாம். ஒன்றில் விசேட நிபுணராக விரும்பினால், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு படியிலும் அந்தப் பள்ளியின் மந்திரம் ஒன்றைக் கூடுதலாகத் தயார்செய்யலாம். அதற்கு விலையாக வேறு இரண்டு பள்ளிகளை விட்டுவிட வேண்டும். அறிதலை மட்டும் எவரும் விடமுடியாது. அறிதலிலேயே நிபுணராகிறவர் மட்டும் ஒன்றை விட்டால் போதும்.

விடுவது என்றால் சும்மா தள்ளிவைப்பதல்ல. முதல் படியிலேயே முடிவெடுக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது. எவ்வளவு உயர்ந்தாலும் அந்தப் பள்ளியின் மந்திரத்தைப் படிக்க ஏலாது. யாரோ எழுதிவைத்த சுருளைக் கண்டெடுத்தால்கூட, சாதாரண மந்திரவாதி வாசிப்பதை நீங்கள் வாசிக்க முடியாது. எனக்கு இந்தக் கடைசி விஷயம் நெஞ்சில் குத்தியது. கையில் இருக்கிறது, ஆனால் உங்களுக்கு அது வெறும் தாள்.

"ஒண்டையும் விடாமல் இருக்க ஏலாதோ?" என்று கேட்டேன்.

"ஏலும். பொது மந்திரவாதியாய் இருங்கோ. ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரு மந்திரம் குறைவாய் இருக்கும். கடைசி அறையில அந்த ஒண்டுதான் தேவைப்படும்" என்றான் பெறாமகன், ஐம்பது வயது மனிதன் மாதிரி.

பிறகு ஒரு மணித்தியாலம் நடந்தது விளையாட்டே அல்ல, வாக்குவாதம். எந்த இரண்டை விடுவது? நான்கு பிள்ளைகளும் தகப்பனும் ஐந்து கட்சி. வரவழைப்பையும் உருமாற்றத்தையும் விடுகிறவன் மடையன் என்பதில் மட்டும் எல்லோரும் ஒற்றுமை. உருமாற்றத்தின் பட்டியல் நீண்டது, பறப்பதும் அதில்தான், தோழர்களை வேகப்படுத்துவதும் அதில்தான். வரவழைப்பில் ஒரு கணத்தில் தூர இடத்துக்குப் போகும் வித்தை இருக்கிறது. மனவசியத்தைப் பலர் விடுவார்களாம், ஏனென்றால் எழுந்து நடக்கும் பிணத்துக்கும் கல்லுச் சிலைக்கும் மனம் இல்லை, வசியம் பலிக்காது. நெருப்பை விடலாம் என்றாள் திருடனாக விளையாடும் ஒரு பிள்ளை, எதிரியை அடிப்பதற்குத்தான் வாளோடு ஒருவன் நிற்கிறானே என்று. இதுதான் அவர்களுடைய வாதங்களில் எனக்குப் பிடித்தது. உனக்கு எது பிடிக்கும் என்பதிலிருந்து அவள் தொடங்கவில்லை, மேசையில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கினாள்.

"நீ ஏன் அந்த இரண்டையும் விட்டனீ?" என்று பெறாமகனைக் கேட்டேன்.

மனவசியத்துக்கு உடனே பதில் வந்தது. ஒருவருக்குத் தெரியாமல் அவரைத் தன் சிநேகிதனாக்குவது விளையாட்டில்கூடத் தனக்குப் பிடிக்கவில்லையாம். மற்றதற்குக் கொஞ்சம் தயங்கினான். பிறகு தமிழில், மற்றவர்களுக்கு விளங்காதபடி சொன்னான்: "அம்மா ஒருநாள் கொப்பியைப் பார்ப்பா எண்டு தெரியும். அதுதான்."

அம்மா பார்ப்பா என்று விட்டதைத்தான் அம்மா பார்த்துப் பயந்தா. இதை நான் அக்காவிடம் சொன்னபோது அவ முதலில் சிரித்தா, பிறகு எழும்பிப் போய்க் குசினியில் எதையோ தேடுவது போல நின்றா.

நான் காப்பு வித்தையில் நிபுணரானேன். தாதிக்கு அதைவிட வேறென்ன? கையுறை, முகமூடி, கிருமிநீக்கம் என்று பத்து வருடமாகச் செய்வது அதுதானே. நெருப்பையும் மாயத்தோற்றத்தையும் விட்டேன்.

இங்கே ஒரு சின்ன விஷயம், என் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் சுவையாக இருக்கலாம். காயம் ஆற்றும் மந்திரம் எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று தேடினேன். மந்திரவாதிக்கு அது கிடையாது, குருவுக்குத்தான். ஆனால் அதற்கும் ஒரு பள்ளிப் பெயர் உண்டு. 1989ஆம் ஆண்டுப் புத்தகத்தில் அது மரணத்தின் பள்ளியில் இருக்கிறது, உயிரைத் தொடுவது என்பதால். 2000இல் வரவழைப்புக்கு மாற்றினார்கள். 2014இல் நெருப்பும் மின்னலும் உள்ள பள்ளிக்கு. 2024இல் காப்புக்கு. முப்பத்தைந்து வருடத்தில் நாலு வீடு. சுகப்படுத்துவதை எங்கே வைப்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எங்கள் ஆஸ்பத்திரிகளிலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரிவுகளை மாற்றிக் கட்டுகிறார்கள்.

அந்த விதியும் அப்படியே மாறிவந்திருக்கிறது. 1989இல் தெரிவே இல்லை. எட்டுப் பள்ளிகளும் ஒரு சக்கரம். நீங்கள் எடுத்ததற்கு எதிரே உள்ளவை தாமாகவே மூடிவிடும். 2003இல் இரண்டை நீங்களே தெரிந்துகொள்ளலாம். 2009இல் இதிலிருந்து பிரிந்து வந்த பாத்ஃபைண்டர் என்ற விளையாட்டில், விட்டதையும் செய்யலாம், ஆனால் இரண்டு மந்திரத்தின் இடத்தை அது பிடிக்கும். 2014இல் எதையும் விடத் தேவையில்லை என்றே ஆக்கிவிட்டார்கள்.

நிலவறையிலிருந்து வீட்டுக்கு ஓடிவரும்போது இதை எங்கள் குடும்பத்தோடு பொருத்திப் பார்த்தேன். அப்பா 1986இல் இங்கே வந்தார். ஊரில் கணக்கு வாத்தியார், இங்கே தொழிற்சாலையில் இறைச்சி வெட்டினார். எதை விடுவது என்று அவரை யாரும் கேட்கவில்லை. ஓடிவந்த திசைக்கு எதிரே இருந்ததெல்லாம் மூடிக்கொண்டது. எங்களுக்குத் தெரிவு இருந்தது. உங்களுக்கு, அதாவது இதை வாசிக்கும் பதினாறு, பதினேழு வயதுக்காரருக்கு, எதையும் விடத் தேவையில்லை என்று சுவரொட்டி எல்லாம் சொல்கிறது. ஆனால் கிம்னாசியத்துக்குப் போய் மூன்று மாதத்தில் பாடத்திசையைத் தெரியச் சொல்கிறார்கள். மார்ச் 15ஆம் திகதி நண்பகலில் ஒரு கதவும், ஜூலை 5ஆம் திகதி நண்பகலில் மற்றக் கதவும் மூடும். பள்ளிகளை விடத்தான் வேண்டியிருக்கிறது, விதிப்புத்தகத்தில் மட்டும் அது எழுதப்படவில்லை.

எனக்கும் அந்த நாட்களில் ஒரு கதவு திறந்திருந்தது. மயக்கமருந்துத் தாதிக்கான விசேட பயிற்சியில் ஓர் இடம் தரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இங்கே மூன்றரை வருடம் தாதிப் பட்டம் படித்து, குறைந்தது இரண்டு வருடம் வேலைசெய்தவர் அதற்கு விண்ணப்பிக்கலாம். பயிற்சி இரண்டு வருடம். எனக்குப் பத்து வருட அனுபவம் இருந்தது, ஆசையும் இருந்தது. பதில் சொல்ல மூன்று வாரம்.

நான் வேலைசெய்தது பொது மருத்துவப் பிரிவில். அங்கே தாதி எட்டுப் பள்ளியும் தெரிந்தவள். நெஞ்சடைப்பு, சலரோகம், நிமோனியா, தனிமை, எல்லாம் ஒரே நடைபாதையில். இப்போது முதல் தலைமுறை எங்கள் ஐயாமார், அம்மாமார் வயதாகி வந்து படுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். டெனிஷ் முப்பது வருடம் பேசியவர்கள், வருத்தம் வந்ததும் தமிழுக்குத் திரும்பிவிடுகிறார்கள். "பிள்ளை, நெஞ்சுக்குள்ள ஏதோ கரைச்சல்" என்றால் அதை மொழிபெயர்க்க அந்த நடைபாதையில் நான் மட்டும்தான். மயக்கமருந்துக்குப் போனால் என் நோயாளிகள் நித்திரையில் இருப்பார்கள். மூச்சும் இரத்த அழுத்தமும் என்னோடு கதைக்கும், மனிதர் கதைக்கமாட்டார்.

மற்றது, ஞாயிறு பாடசாலை. பதினொரு வருடம் சின்னப்பிள்ளைகள் வகுப்பு என்னுடையது. பாடகர் குழுவும் இருந்தது. எல்லாவற்றையும் சமாளிப்பேன் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் எப்படிச் சமாளித்தேன் என்று சொல்கிறேன். ஒருமுறை இரவு வேலை முடிந்து நேரே சபைக்கு வந்து, நோவாவின் பேழைக்கு மிருகங்கள் வெட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளின் மேசையிலேயே தலையைவைத்து நித்திரையாகிவிட்டேன். கத்தரிக்கோல்கள் பிள்ளைகளின் கையில். எழும்பியபோது என் மேல் என்னுடைய கோட் போர்த்தியிருந்தது. ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று கதிரையில் ஏறிப் போர்த்திவிட்டிருக்கிறாள். எவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருக்கலாம். அதை அன்றைக்கு ஒருவருக்கும் சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன்.

அந்த மூன்று வாரத்தில் தானியேல் முதலாம் அதிகாரத்தை மறுபடி மறுபடி வாசித்தேன். சிறுவயதிலிருந்து கேட்ட கதை, ஆனால் ஒரு கணக்கைக் கவனித்ததில்லை. பாபிலோனில் அந்த நான்கு வாலிபருக்கும் என்னென்ன திணிக்கப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். கல்தேயருடைய மொழி, அவர்களுடைய எழுத்து, மூன்று வருடப் படிப்பு, அரண்மனை வேலை, புதிய பெயர், ராஜாவின் சாப்பாடு. பெயர்கூட மாறியது, தானியேலுக்கு வைத்த பெயரில் அந்நிய தெய்வத்தின் பெயரே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குச் சண்டை பிடித்ததாக எழுதப்படவில்லை. படிப்பையும் மறுக்கவில்லை. சாப்பாட்டையும் திராட்சரசத்தையும் மட்டும் விட்டார்கள், பத்து நாள் பரீட்சை கேட்டு. ஏன் சரியாக அதை? நான் வேதசாஸ்திரம் படித்தவளல்ல. ஆனால் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளவும் இல்லை, எல்லாவற்றையும் விடவும் இல்லை என்பது எனக்குப் புதிதாகத் தெரிந்தது. போதகரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், "நீர் எதை விடப் போறீர்?" என்று திருப்பிக் கேட்டார். போதகர்மாருக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது.

பெறாமகனுடைய கொப்பி மாதிரி ஒரு தாள் எடுத்து எட்டு வரி எழுதினேன். வேலை, படிப்பு, வீடு, பிள்ளைகள் இருவர், அம்மாவைப் பார்ப்பது, பாடகர் குழு, ஞாயிறு பாடசாலை, வாரநாள் ஜெபக்கூட்டம். விடமுடியாத ஒன்று எல்லோருக்கும் இருக்கிறதாமே, அது ஜெபக்கூட்டம் என்று குறித்தேன். பாடகர் குழுவில் என் கோடு சுலபமாக விழுந்தது. அல்ட்டோவில் என்னைவிட நன்றாகப் பாடுபவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். அடுத்த கோடு போட ஆறு நாள் எடுத்தது.

பயிற்சிக்குச் சம்மதித்தேன். ஞாயிறு பாடசாலையை நடத்தும் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவ ஒன்றும் பேசவில்லை. "சரி பிள்ளை" என்றுவிட்டுக் கோப்பிக் கோப்பைகளைக் கழுவத் திரும்பினா. கோப்பைகள் ஏற்கெனவே கழுவியிருந்தன.

இதற்குப் பிறகு நல்லதாக ஏதாவது நடந்தது என்று உடனே எழுத ஆசைதான். நடந்தது என்னவென்றால், ஐந்து ஞாயிறு சின்னப்பிள்ளைகளுக்கு வகுப்பே இல்லை. அவர்கள் பெற்றோரோடு ஆராதனையில் இருந்து, பிரசங்கத்தின்போது போனில் படம் பார்த்தார்கள். நான் பின்வரிசையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வேலையில்லாத ஞாயிறுகளில். ஒருநாள், என் மேல் கோட் போர்த்திய பிள்ளை வந்து, "எப்ப வருவீங்கள்?" என்று கேட்டாள். அவளுக்கு இப்போது எட்டு வயது. என்னிடம் பதில் இருக்கவில்லை.

மயக்கமருந்து வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, இதையும் மறைக்கக்கூடாது. ஒரு மனிதர் மூச்சை என்னிடம் தந்துவிட்டுப் போகிறார், ஒன்றரை மணித்தியாலம் அதைப் பிடித்துவைத்திருந்து திருப்பிக் கொடுக்கிறேன். கதை இல்லை என்று நினைத்தது பாதிதான் சரி. நித்திரைக்கு முன் ஒரு நிமிஷம் இருக்கிறது. அண்மையில் ஒரு தமிழ் அம்மா வந்தா, கை நடுங்கியது. "கண்ணை மூடுங்கோ அம்மா, நான் இஞ்சதான் நிக்கிறன்" என்றேன். அவ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "எந்த ஊர்?" என்று கேட்டா. மானிப்பாய் என்றேன். சிரித்தா, சிரித்தபடியே நித்திரையானா. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்த அமெரிக்க மிஷனரி டொக்டர் சாமுவேல் கிறீன் மருத்துவப் புத்தகங்களைத் தமிழாக்கி, தமிழிலேயே பாடம் நடத்தியவர் என்று அம்மம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த ஊர்ப் பெயர் டென்மார்க்கில் ஒரு சத்திரசிகிச்சை அறையில் மயக்கமருந்துக்கு முதல் வேலைசெய்தது.

நிலவறைக்கு மாதம் ஒருமுறை போகிறேன். அக்காவும் ஒருநாள் வந்து இருந்துவிட்டுப் போனா. றோல்ஸ் கொண்டுவந்ததால் அந்தப் பிள்ளைகள் அவவை அடுத்த முறையும் கேட்டார்கள். தான் விளையாடமாட்டேன் என்பதில் அவ உறுதி, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. போன மாதம் கதையில் நாங்கள் ஒரு கோட்டைக்குள் மாட்டிக்கொண்டோம். காவலர்கள் வரும் சத்தம். என் மந்திரவாதி ஒரு பெட்டியைத் திறந்து சுருள் ஒன்றைக் கண்டெடுத்தாள். கண்ணுக்குத் தெரியாமல் மறையும் மந்திரம், மாயத்தோற்றத்தின் பள்ளி. நான் விட்டது. கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பெறாமகன் மேசைக்கு மேலால் கையை நீட்டி, "சித்தி, அதைத் தாங்கோ" என்றான்.

ஆறாவது ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் எங்கள் வாலிபர் சங்கத்துத் தங்கை ஒருத்தி வந்து நின்றாள். பத்தொன்பது வயது, என்னுடைய முதல் வகுப்புகளில் இருந்தவள். சின்னப்பிள்ளைகளைத் தான் எடுக்கலாமா, ஆனால் சோதனைக் காலத்தில் ஏலாது, அதற்கு வேறு ஆள் பார்க்கவேண்டும் என்றாள். முதலே கணக்குப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அலுமாரியிலிருந்து பெட்டியை எடுத்துவந்து கொடுத்தேன். உள்ளே பதினொரு வருடமாகச் சேர்த்த ஃபிளானல் படங்கள்.

அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். "அக்கா, தானியேலின்ர சிங்கத்துக்கு ஒரு கால் இல்லை."

"அதை ஒரு நாலு வயதுப் பொடியன் கடிச்சவன். இப்ப ஹேர்னிங்கில மந்திரவாதியாய் இருக்கிறான்."

அவளுக்கு விளங்கவில்லை. பெட்டியின் சாவியையும், அலுமாரிச் சாவியையும் சேர்த்துக் கொடுத்தேன். பசை போத்தல் முடிந்துபோயிருந்தது, அதையும் சொன்னேன்.